பச்சை வானமும் ஏரிக் கணக்கும்

டிசம்பர் நெருங்கினால் எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் யாராவது ஒரு பச்சை வானத்தைப் போடுவார்கள். ட்ரோம்சோ, ரோவானியெமி, அபிஸ்கோ. அடியில் ஒரு வரி: "பக்கெட் லிஸ்ட்ல ஒண்ணு முடிஞ்சுது." ஐந்து வருஷத்துக்கு முன் இந்த ஊர்களின் பெயரைச் சொன்னால் எங்களில் பாதிப் பேருக்கு மருந்துப் பெயர் மாதிரி கேட்டிருக்கும்.

உத்திரமேரூரில் என் பெரியப்பாவிடம் ட்ரோம்சோவைப் பற்றிச் சொன்னேன். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை அங்கே சூரியன் எழும்பாது என்றதும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "அப்போ பயிர் எப்படிப்பா வைப்பாங்க?" வானத்தின் நிறம் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே இருந்து பிழைக்கப் போகிறவனின் கேள்வி அது. நம்முடையது நான்கு நாள் தங்கப் போகிறவனின் கேள்வி.

அந்த இருட்டில் பிழைக்கப் போன தமிழர்கள் இருக்கிறார்கள். 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி நார்வே போனவர்களில் பலர் வடகோடி ஃபின்மார்க்கின் மீன்பிடி ஊர்களுக்குத்தான் போனார்கள். மீன் வெட்டும் தொழிற்சாலைகளில் உள்ளூர்க்காரர்கள் நிற்க விரும்பாத வேலை அவர்களுக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவர்கள், பகலில்லாத மாதங்களில் குளிர்ந்த மீனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பலர் பிறகு ஒஸ்லோ பக்கம் இறங்கிவிட்டார்கள். அவர்கள் தலைக்கு மேலேயும் இதே பச்சை வெளிச்சம்தான் ஆடியிருக்கும். அதனால் நம் வியப்பு பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வியப்பில் ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது.

இதுவரைக்கும் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. அடுத்தவர் சகித்துக்கொள்வதை நாம் ரசிப்பது எல்லாச் சுற்றுலாவிலும் உண்டு. எனக்கு உறுத்துவது வேறொன்று: "உருகுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்" என்ற விளம்பரம்.

சாகக் கிடப்பவரைப் போய்ப் பார்ப்பது நம் வழக்கம்தான், நல்ல வழக்கம். ஆனால் மூச்சுத் திணறிக் கிடப்பவரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தால் என்ன சொல்வோம்? 2016இல் டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நாம் வெளியிடும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஆர்க்டிக்கின் செப்டம்பர் கடல்பனியில் சுமார் 3 சதுர மீட்டர் குறைகிறது. சென்னையிலிருந்து ட்ரோம்சோ போய் வர ஒரு ஆளுக்கு, எப்படிக் கணக்குப் போட்டாலும், ஒன்றரை முதல் இரண்டு டன் வரை வரும். அதாவது ஐந்தாறு சதுர மீட்டர் பனி. ஒரு கட்டிலும் பீரோவும் போட்டால் நிறைந்துவிடும் அறை.

"நான் போகலைன்னாலும் ஃப்ளைட் போகத்தானே போகுது" என்பார்கள். எங்கள் தொழிலில் இந்த வாதம் செல்லாது. ஒரு ரிக்வெஸ்ட் கூடினால் சர்வர் விழாது, உண்மைதான். ஆனால் எத்தனை சர்வர் வாங்குவது என்பதை அந்த ரிக்வெஸ்ட்டுகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். விமான நிறுவனமும் சீட் நிரம்புவதைப் பார்த்துத்தான் அடுத்த சீசனுக்கு சர்வீஸ் கூட்டுகிறது.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. "வெள்ளைக்காரன் நூறு வருஷமா புகை விட்டான். நாம இப்பதான் சம்பாதிக்க ஆரம்பிச்சிருக்கோம். நமக்கு மட்டும் உபதேசமா?" இதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் ரொம்ப நாள் இதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் சராசரி இந்தியர் ஒருவரின் பங்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன்தான். அந்தச் சராசரி இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் ஐடி ஊழியர்கள் இல்லை. என் பெரியப்பா மாதிரி பஸ்ஸிலும் டிவிஎஸ் எக்ஸெல்லிலும் போகிறவர்கள்தான். நார்வேக்காரனோடு ஒப்பிட்டு நான் கேட்கும் நியாயம், அவர் செலவழிக்காமல் விட்டதை என் கணக்கில் எழுதிக்கொள்வதாக முடிகிறது. ஒரு பயணத்தில் அவருடைய ஒரு வருஷப் பங்கு தீர்ந்துவிடுகிறது. அவரைக் கேட்டோமா?

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எல்லோரும் குடவோலைக்காகவே பேசுவார்கள். பராந்தக சோழன் காலத்தது, 919லும் 921லும் வெட்டியது. ஜனநாயகத்தின் தொட்டில் என்ற பெருமையை நான் அளவோடுதான் எடுத்துக்கொள்வேன். ஓலையில் பேர் எழுத நிலம் வேண்டும், சொந்த வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பிடித்து நிறுத்துவது அதிலுள்ள இன்னொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரை மறுபடி குடத்தில் போடக்கூடாது, அவனுடைய நெருங்கிய சொந்தங்கள் பேரையும் போடக்கூடாது. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரி பொது, மடை பொது, அதனால் கணக்கும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். வானத்துக்கு அப்படி ஒரு வாரியம் இல்லை. அதனால் நம் சொந்தங்கள் எல்லோருடைய பேரும் குடத்துக்குள்ளேயே கிடக்கின்றன.

ஒருவரும் போகக்கூடாது என்கிறேனா? இல்லை. ட்ரோம்சோவில் அந்த வருமானத்தை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒருமுறை, அவசரமில்லாமல், மூன்று வாரம் தங்கி, அந்த மீன் தொழிற்சாலை ஊர்களையும் பார்த்துவிட்டு வருகிற ஆளோடு எனக்குச் சண்டை இல்லை. ஏழு நாளில் மூன்று நாடு, கண்ணாடி இக்ளூவில் ஒரு ராத்திரி, உடனே ரீல் என்பதோடுதான் சண்டை.

வடக்கே போவதை நாம் இப்போது கண்டுபிடித்திருக்கிறோம். வடக்கு நம்மிடம் வருவது பழைய கதை. உத்திரமேரூரிலிருந்து வேடந்தாங்கல் அதிக தூரமில்லை. ஆர்க்டிக் ஓரம் வரை கூடு கட்டும் இனமான ஊசிவால் வாத்து குளிர்காலத்தில் அந்த ஏரிக்கு வருகிறது. அதற்கு டிக்கெட் இல்லை, விசா இல்லை. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்ற லாபமும் அவர்களுக்கு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் தீபாவளி ராத்திரி பக்கத்து ஊரில் வெடிச் சத்தம் கேட்கும்போது வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது அந்த ஊர்ப் பிள்ளைகள்தான்.