எந்த அச்சத்தை முதலில் திரையிடுவது?

24 மணி நேரம் என்பது கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். படப் பட்டியல் போட உட்கார்ந்தால்தான் அது எவ்வளவு குறைவு என்று தெரியும். ஒரு சனிக்கிழமை காலை தொடங்கி மறுநாள் காலை வரை பழைய அறிவியல் புனைகதைப் படங்களைத் தொடர்ந்து திரையிடுவது என்று எங்கள் ஃபிலிம் சொசைட்டி முடிவு செய்து, தேர்வை என்னிடம் விட்டது. ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யும் அதே அளவு. தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ இரண்டே முக்கால். இந்த மூன்றுக்கே எட்டு மணி நேரம் போய்விடுகிறது. சாப்பாடு, தேநீர், எழுந்து நடமாடச் சிறு இடைவேளைகள் எல்லாம் கழித்தால் பத்துப் படங்களுக்கு மேல் நுழையாது. ஒரு நூற்றாண்டு கண்ட கனவுகளில் பத்து. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

இந்த வகைத் திரையிடலுக்குப் பேர்போன ஊர் அமெரிக்காவின் பாஸ்டன். அங்கே 1976-இல் தொடங்கிய 24 மணி நேரத் திரையிடலில் பழையதும் புதியதும், மேதைகளின் படமும் மலிவான பூதப் படமும் கலந்தே வரும். இரவு முழுக்கக் கூட்டமாக விழித்திருப்பதே அங்கே ஒரு திருவிழா. அந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் எங்கள் அரங்குக்கு வருகிறவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். இந்தப் படங்களை முதல்முறையாகப் பார்க்கப் போகிறவர்கள். அவர்களுடைய ஓர் இரவைக் கேட்டு வாங்குகிறோம் என்றால், ஏன் இந்தப் படம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் நம்மிடம் இருக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை, எந்தப் படம் எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தது என்று பார்ப்பது. ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில் 1927-லேயே முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி வந்துவிட்டது. ‘2001’ படத்தில் விண்வெளி வீரர்கள் சாப்பிட்டபடி தட்டையான திரையில் செய்தி பார்க்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எனக்கு இந்த அளவுகோல்மீது மதிப்பில்லை. அதே ‘2001’-இல் நிலவுக்குப் போகிற வழியில் பயணிகளை ஏற்றிச் செல்வது பான் ஆம் நிறுவனத்தின் விண்கலம். அந்த நிறுவனம் 1991-இலேயே மூடப்பட்டுவிட்டது. ‘பிளேடு ரன்னர்’ கதை நடப்பது 2019 நவம்பரில். அந்த நவம்பர் வந்தது, போனது. வேற்றுக் கோளில் யாரும் குடியேறவில்லை. இதனால் அந்தப் படங்கள் ஒரு துளியும் சிறுத்துப்போகவில்லை. வருங்காலத்தைச் சொல்வது ஜோசியத்தின் வேலை. கலையிடம் அதைக் கேட்கக் கூடாது.

நான் வேறு ஒன்றைத் தேடினேன். இந்தப் படத்தை எடுத்தவர்கள் உண்மையில் எதற்குப் பயந்தார்கள்? அந்தப் பயத்தை அவர்கள் மறைக்காமல் நம் முன்னால் வைத்தார்களா? கருவிகள் பழசாகும், வேடங்கள் பழசாகும், வசனம் பழசாகும். ஒரு தலைமுறை இரவில் தூங்காமல் புரண்ட காரணம் மட்டும் பழசாவதில்லை. அதைத் தெரிந்துகொள்வது வரலாற்றுப் பாடத்தில் கிடைக்காத அறிவு என்று நம்புகிறேன்.

அதனால்தான் முதல் படமாக ‘காட்ஸில்லா’வை எழுதினேன். பெரிய பல்லி கட்டடங்களை மிதிக்கும் படம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். இந்த ஜப்பானியப் படத்தின் பின்னணி வேறு. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெடித்த அந்தக் குண்டு, ஹிரோஷிமாவில் போட்டதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமை கொண்டது. அபாய எல்லை என்று அறிவித்திருந்த பகுதிக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘லக்கி டிராகன்’ என்ற ஜப்பானியப் படகின்மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகப் பொழிந்தது. படகில் இருந்தவர்கள் 23 பேர். எல்லோருக்கும் கதிர்வீச்சு நோய் கண்டது. படகின் வயர்லெஸ் ஆபரேட்டர் அந்தச் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பர் 3 அன்று இஷிரோ ஹோண்டாவின் படம் திரைக்கு வந்தது. அதன் தொடக்கம் என்ன தெரியுமா? கடலில் ஒரு கப்பல், தொழிலாளர்கள் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார்கள், திடீரென்று கண்ணைப் பறிக்கும் ஒளி, பிறகு தீ. அன்றைய ஜப்பானில் யாருக்கும் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஹோண்டாவே போரில் சிப்பாயாக இருந்து, திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்ணால் பார்த்தவர்.

முன்பு ஒருமுறை இந்தப் படத்தை மாணவர்களுக்குப் போட்டோம். ரப்பர் உடைக்குள் ஆள் நடப்பது தெரிந்ததும் அரங்கில் சிரிப்பு எழுந்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அதை அடக்கச் சொல்வது தவறு. படம் தானே அதைப் பார்த்துக்கொள்ளும். டோக்கியோ எரிந்து முடிந்தபின் மருத்துவமனைக் காட்சி வருகிறது. தரையெல்லாம் காயம்பட்டவர்கள். ஒரு சின்னக் குழந்தையின் அருகே கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கொண்டுபோகிறார் ஒருவர்; கருவி கடகடக்கிறது; அவர் தலையை மட்டும் அசைக்கிறார். சிரிப்பு அதற்குள் நின்றிருந்தது. படம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு மாணவி கேட்டது இது ஒன்றுதான்: “அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு சார்?”

படத்தில் அதற்குப் பதில் இல்லை. காட்ஸில்லாவைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி செரிசாவா, அது இன்னொரு குண்டாகிவிடும் என்று அஞ்சி, தன் குறிப்புகளை எரித்துவிட்டு ஆயுதத்தோடு தானும் கடலடியில் மடிகிறார். அறிவு ஒருவன் கையில் இருந்தால் அவன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அது. 1956-இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது படத்தை வெட்டி, ஓர் அமெரிக்க நிருபர் வேடத்தில் ரேமண்ட் பர் நடித்த காட்சிகளை நடுவில் சேர்த்தார்கள். குண்டு பற்றிய பேச்சு அதில் பெருமளவு மங்கிப்போனது. பயத்தை வெட்டிவிட்டுப் பூதத்தை மட்டும் வைத்துக்கொண்ட பதிப்பு அது.

வானத்திலிருந்து வரும் பயம் நமக்கும் தெரியாததல்ல. 1979 ஜூலையில் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் பூமியில் விழப்போகிறது, எங்கே விழும் என்று சொல்ல முடியாது என்று செய்தி பரவியது. எங்கள் தெருவில் யாரும் வீட்டுக்குள் படுக்கவில்லை என்பார் என் அம்மா. ரேடியோ வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் ஊரே கூடியதாம். இனி எதற்கு என்று வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு வைத்தவர்களும் உண்டு. சண்டையில் இருந்த பங்காளிகள் பேசிக்கொண்டதும் உண்டு. கடைசியில் அதன் துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உறைப்பது, அந்தப் பயத்தை ஒருவரும் தனியாகச் சுமக்கவில்லை என்பதுதான். இன்று நம் பிள்ளைகளுக்குப் பயங்கள் குறைவா? உருகும் பனி, போகும் வேலை, எங்கோ நடக்கும் போர் எல்லாம் கைபேசியில் துண்டு துண்டாக வருகின்றன; அவரவர் படுக்கையில், அவரவர் வெளிச்சத்தில், தனியாகப் பார்க்கிறார்கள். முன்பின் தெரியாத நூறு பேரோடு ஓர் அரங்கில் உட்கார்ந்து ஒரே பயத்தை முழுதாகப் பார்த்து முடிப்பது இன்று அரிதாகிவிட்ட அனுபவம். இந்த நீண்ட திரையிடலுக்கு நான் தரும் நியாயம் இதுதான்.

‘மெட்ரோபொலிஸ்’ பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. தொழிலாளர்களை விழுங்கும் இயந்திரம் பலிகேட்கும் வாயாக மாறும் காட்சியைப் பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்கிக்கொள்ளும் முடிவு அந்தக் காட்சிக்குத் துரோகம் செய்கிறது. லாங்குக்கே பிற்காலத்தில் அந்த முடிவு பிடிக்கவில்லை. அப்படியும் பட்டியலில் வைத்தேன், அது மீண்டு வந்த கதைக்காக. வெளியான சில மாதங்களில் வெட்டப்பட்டு, படத்தின் கால் பங்கு தொலைந்தே போனது என்று உலகம் எண்பது ஆண்டுகள் நம்பியிருந்தது. 2008-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில், கீறல் விழுந்த 16 எம்.எம். பிரதியில் அதில் பெரும்பகுதி கிடைத்தது. நாம் தேர்ந்தெடுப்பது எல்லாப் படங்களிலிருந்தும் அல்ல, யாரோ பத்திரப்படுத்தியவற்றிலிருந்து மட்டும்தான். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே நமக்குக் கிடையாது.

‘2001’ படத்தின் கதையைக் குப்ரிக்கோடு சேர்ந்து உருவாக்கிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 2008-இல் கொழும்பில்தான் இறந்தார். மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னால், 1968 ஏப்ரலில் படம் வந்தது. இன்று இதைச் செயற்கை நுண்ணறிவு பற்றிய எச்சரிக்கையாக மட்டும் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கவனித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பயணத்தின் உண்மையான நோக்கம் ஹால் என்ற கணினிக்குத் தெரியும். விழித்திருந்து கலத்தை ஓட்டும் இரண்டு மனிதர்களுக்குத் தெரியாது. சக மனிதனை நம்பாமல் இயந்திரத்தை நம்பிய அதிகாரிகளிடம்தான் அந்தக் கதையின் குற்றம் தொடங்குகிறது. ‘சோலாரிஸ்’ அதற்குப் பதில் சொல்வதுபோல 1972-இல் வந்தது. நாயகனின் இறந்த மனைவி விண்வெளி நிலையத்தில் வந்து நிற்கிறாள். எத்தனை தூரம் போனாலும் மனசாட்சியை விட்டுவிட்டுப் போக முடியாது என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போடக் கூடாது. ‘2001’ மதியத்துக்கு, ‘சோலாரிஸ்’ அந்தி சாய்ந்தபின்.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு டான் சீகலின் ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’. 1956-இல் வந்த, 80 நிமிடம் ஓடும் படம். தூங்கினால் தொலைந்தோம், விழிக்கும்போது நம் உருவத்தில் வேறொருவர் இருப்பார் என்பதுதான் கதை. கம்யூனிஸத்தைப் பற்றிய பயம் என்று சிலரும், எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுவதைப் பற்றிய பயம் என்று சிலரும் சொல்வார்கள். கண் சொக்கும் நேரத்தில் பார்ப்பவருக்கு இரண்டுமே உறைக்கும். விடியும்போது கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’. 1962-இல் எடுத்த, 28 நிமிடம் மட்டுமே ஓடும் பிரெஞ்சுப் படம். ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்களால் ஆனது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் உறக்கத்திலிருக்கும் பெண் கண் திறந்து இமைக்கிறாள். இரவெல்லாம் படங்கள் அசைவதைப் பார்த்த கண்களுக்கு அந்த ஓர் அசைவின் விலை தெரியும்.

நம் பக்கத்திலிருந்து ‘கலை அரசி’ கட்டாயம் வேண்டும் என்று வாதாடினேன். 1963-இல் காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம். வேற்றுக் கோளிலிருந்து வருகிறவர்கள் நாட்டையோ தண்ணீரையோ பிடிக்க வரவில்லை. பாடத் தெரிந்த ஒரு பெண்ணைக் கொண்டுபோக வருகிறார்கள். அரங்க அமைப்புகளின் எளிமை கண்ணுக்குத் தெரியும். இருந்தாலும், விண்வெளிக்காரர்களுக்கு இல்லாமல் போகக்கூடியது இசைதான் என்று யோசித்த மனசை நான் மதிக்கிறேன். இன்னொன்று, எடுக்கப்படாத படம். கிராமத்துக் குளத்தில் விண்கலம் இறங்கும் ‘தி ஏலியன்’ கதையைச் சத்யஜித் ராய் 1967-இல் ஹாலிவுட் நிறுவனத்துக்காக எழுதினார். அது படமாகவே இல்லை. அதற்கு முன்பே 1962-இல் ராய் எழுதிய சிறுகதை ஒன்றில், எல்லோரும் கேலி செய்யும் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் வேற்றுக்கிரகவாசியைச் சந்தித்துத் தைரியம் பெற்று வருகிறார். அந்தக் கதையை ஒருவர் மேடையில் உரக்கப் படிக்க இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். இல்லாத படத்துக்கும் பட்டியலில் ஓர் இடம் உண்டு.

பரவலாகத் தெரிந்த ஹாலிவுட் படங்களான ‘ஏலியன்’, ‘பிளேடு ரன்னர்’ இரண்டையும் விட்டேன். மாணவர்கள் அவற்றை எப்படியும் பார்த்துவிடுவார்கள். தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ படத்தை விட்டது வேறு காரணத்துக்காக. அதை ஒன்பது படங்களோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. அதற்கென்று ஒரு மாலை வேண்டும்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு நாள் நடத்த வாய்ப்பு வந்தால் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ‘காட்ஸில்லா’வின் ஜப்பானிய மூலத்தையே தேடிப் பிடித்துத் தமிழ் சப்டைட்டிலோடு போடுங்கள்; 96 நிமிடம்தான். அடுத்து, பட்டியலில் ஓர் இடத்தை உங்கள் ஊரில் எழுபது வயது தாண்டிய ஒருவருக்கு விட்டுவிடுங்கள். அவர் எந்தப் படத்தைச் சொல்கிறாரோ அதைப் போடுங்கள், படம் முடிந்ததும் மைக்கை அவரிடம் கொடுத்து, அந்த நாளில் எதற்குப் பயந்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.