மிச்சம் யாருடையது?

சென்ற தீபாவளிக்கு முன்பு, என் நாவல் ஒன்றின் மறுபதிப்புக்காக 5,000 ரூபாய் வந்தது. எதிர்பாராத பணம். "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று வீட்டில் கேட்டேன். புதுத்துணி என்று எல்லோரும் கை தூக்கினார்கள். அம்மாவும் தூக்கினாள். அவளுடைய மூக்குக்கண்ணாடி ஒடிந்து, நூலால் கட்டியிருப்பதை மறுநாள்தான் கவனித்தேன்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஜனங்கள் 1992-இல் வோட்டுப் போட்டுத் தங்கள் அரசியல் சட்டத்திலேயே ஒரு விதியைச் சேர்த்தார்கள். விலைவாசியும் ஜனத்தொகையும் ஏறுகிற அளவுக்குத்தான் சர்க்காரின் வருமானம் ஏறலாம். அதற்கு மேல் வந்தால் ஜனங்களுக்கே திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டுமானால் அவர்களைக் கேட்க வேண்டும். 2022-இல் இப்படி ஆளுக்கு 750 டாலர் திரும்பி வந்தது.

கேட்டால் யார் கொடுப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் 2005-இல், ஐந்து வருஷங்களுக்கு வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். கஞ்சா விற்பனை அங்கே சட்டப்படி நடக்கிறது. அந்த வரியில் வந்த சுமார் 6.6 கோடி டாலரைப் பள்ளிக் கட்டிடம் முதலியவற்றுக்கு 2015-இல் விட்டுக்கொடுத்தார்கள். 2019-இல் கேட்டதும் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும்தான். ஆனால் இனி எப்போதுமே வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றார்கள். மறுத்துவிட்டார்கள். பணத்தைவிடத் தங்களைக் கேட்க வேண்டும் என்பதே பெரிதாகப் பட்டது போலும்!

அந்த ரோஷம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் அம்மாவின் கண்ணாடி உறுத்துகிறது. மிச்சம் என்ற சொல்லே பொல்லாதது. எல்லோருடைய தேவையும் தீர்ந்த பிறகு நின்ற பணம் என்ற பிரமையை அது உண்டாக்குகிறது. உண்மையில் நாம் கிழித்த ஒரு கோட்டுக்கு மேலே நின்ற பணம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாரும் கல்நெஞ்சர் அல்ல, நினைவு வரவில்லை. வோட்டில்லாத குழந்தையையும், வாய்விட்டுக் கேட்கத் தெரியாத ஏழையையும் நல்லவர்கள்கூட இப்படித்தான் மறந்துபோகிறார்கள். ஜனங்களைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன்னால், ஒடிந்த கண்ணாடியை எடுத்துக் காட்டுவது கேட்பவனுடைய கடமை. அந்தக் கடமையில் நான் தவறிவிட்டேன்.

மறுநாள் காட்டினேன். "என் சட்டை இருக்கட்டும்பா" என்று முதலில் சொன்னவன் பையன்தான். அம்மா மட்டும், "எனக்கெதுக்குடா இப்போ?" என்றாள்.

அந்த ஒரு வோட்டை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.