கடைசி உதை

சீடன்: ஐயா, 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் பதிவைப் பார்த்தேன். பசடேனாவின் ரோஸ் பவுல் அரங்கில் பிரேசிலும் இத்தாலியும் 120 நிமிடம் மோதியும் ஒரு கோல்கூட விழவில்லை. பெனால்டியில் ராபர்ட்டோ பாஜியோ பந்தைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தார், இத்தாலி தோற்றது. தோற்கடித்தவர் அவர்தான் என்று இத்தாலிய ரசிகர்கள் சொன்னதில் என்ன பிழை?

குரு: அவர் உதைக்க வந்தபோது கணக்கு என்ன?

சீடன்: பிரேசில் 3, இத்தாலி 2.

குரு: பந்து உள்ளே போயிருந்தால்?

சீடன்: 3-3. ஆனால் பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை பாக்கி. அது கோலாகியிருந்தால் இத்தாலி அப்போதும் தோற்றிருக்கும்.

குரு: ஆக, அவர் தவறாமல் இருந்திருந்தாலும் தோல்வி வந்திருக்கலாம். அவருக்கு முன்னால் தவறியவர்கள் உண்டா?

சீடன்: இருவர். முதல் உதையையே கேப்டன் பரேசி மேலே அடித்துவிட்டார். மஸ்ஸாரோ அடித்ததைப் பிரேசில் கோல்கீப்பர் தாஃபரெல் தடுத்தார்.

குரு: தவறியவர் மூவர், ஊர் வாயில் விழுந்தவர் ஒருவர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

சீடன்: அது பொருந்தாது ஐயா. காக்கை பழத்தைக் கொத்தவில்லை. இங்கே உதைத்தது பாஜியோவின் கால்தானே?

குரு: சரி, காக்கையை விட்டுவிடுவோம். தவறு நடந்தது எண்ணத்திலா, செயலிலா?

சீடன்: தாஃபரெல் ஒரு பக்கம் பாய்ந்துவிடுவார், நடுவில் அடிக்கலாம் என்று நினைத்ததாகப் பாஜியோ பிறகு சொன்னார். தாஃபரெல் பாயவும் செய்தார்.

குரு: எண்ணம் பழுதில்லை, கால் பிசகியது. இன்னொன்று சொல். ஆட்டத்தின் நடுவே பிரேசிலின் மவுரோ சில்வா தூரத்திலிருந்து அடித்த பந்து என்ன ஆயிற்று?

சீடன்: இத்தாலிய கோல்கீப்பர் பலியூக்காவின் கையிலிருந்து நழுவிக் கம்பத்தில் பட்டு அவரிடமே திரும்பியது. அவர் அந்தக் கம்பத்துக்கு முத்தம் கொடுத்தார்!

குரு: சற்றே தள்ளி உருண்டிருந்தால் இன்று நீ என்னிடம் பலியூக்காவைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாய். பிரேசிலின் மார்சியோ சான்டோஸும் பெனால்டியை வீணாக்கினார். அவரை யார் ஏசினார்கள்?

சீடன்: கோப்பை கிடைத்துவிட்டதே, யார் ஏசுவார்கள்?

குரு: பார்த்தாயா, பழி தவறின் அளவைக் கேட்பதே இல்லை. விளைவை மட்டும் கேட்கிறது.

சீடன்: அப்படியானால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லையா? ரசிகன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானா?

குரு: நன்றாகப் பேசட்டும். அரையிறுதியில் தொடையில் காயம்பட்ட பாஜியோவை இறுதி ஆட்டத்தில் இறக்கியது சரியா என்று கேட்கட்டும். தொடரின் நடுவே முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பிய பரேசியை முதல் உதைக்கு அனுப்பலாமா என்று கேட்கட்டும். இவற்றுக்குப் பதில் உண்டு. அடுத்த அணி அதிலிருந்து கற்கவும் முடியும். ‘இவனால் நாடே தலைகுனிந்தது’ என்றால் அந்த மனிதன் அதை எந்தத் திடலில் போய்த் திருத்துவான்?

சீடன்: புரிகிறது. ஆனாலும் ஒரு சந்தேகம். பரேசியும் அதே மாதிரிதான் மேலே அடித்தார். கடைசியில் வந்தவர் என்பதால் மட்டுமா எல்லாம் பாஜியோ தலையில் விழுந்தது?

குரு: பாதி அதனால். மீதிப் பாதிக்குக் காரணம் முன்பே தொடங்கிவிட்டது. இத்தாலி இறுதிக்கு வந்தது யாரால் என்றார்கள்?

சீடன்: பாஜியோவால்தான். நைஜீரியாவிடம் தோற்று வெளியேற இரண்டு நிமிடமே இருந்தபோது சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பெனால்டியில் வெல்ல வைத்தார். ஸ்பெயினுக்கு எதிராக வெற்றி கோல், பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு. நாக் அவுட் சுற்றுகளில் இத்தாலி அடித்த ஆறு கோல்களில் ஐந்து அவருடையவை.

குரு: நைஜீரியாவுக்கு எதிரான அந்தச் சமன் கோலுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்?

சீடன்: ம்ம்… முஸ்ஸி.

குரு: பாஜியோவின் கணக்கை மூச்சுவிடாமல் ஒப்பித்தாய்; முஸ்ஸி என்று சொல்ல யோசிக்க வேண்டியிருந்தது. ரசிகர்களும் அப்படித்தான். வென்ற நாளெல்லாம் ஒரே தலைக்கு மாலை போட்டார்கள். தோற்ற நாளில் சுமையை இறக்கி வைக்க அவர்களுக்கு வேறு தலை தெரியவில்லை.

சீடன்: அப்படியென்றால் பழியைக் குறைக்க வேண்டுமானால் புகழையும்…

குரு: பங்கு போட வேண்டும். உன் அணி வெல்லும் நாளில் அதைத் தொடங்கு. தோற்ற அன்று தொடங்கினால் எவன் கேட்பான்?