விட்ட இடத்திலிருந்து



அப்பா இறந்தபின் மூன்று வருஷம் நான் சைக்கிளைத் தொடவில்லை. கோயில் பக்கமும் போகவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பினாங்கு தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் மறுபடி மிதித்தேன். சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆனால் ஏறியவர்களுக்குத் தெரியும், இரக்கமே இல்லாத ஏற்றம் அது!

முன்பு நிற்காமல் ஏறிய ஆள் நான். அன்று முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கி இறங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. திரும்பிவிடலாமா என்று நின்றபோது, நடந்து வந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "தள்ளிக்கிட்டே வாங்க தம்பி. தள்ளினாலும் மேலதானே போறீங்க!"

கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனன் இதைத்தான் கேட்கிறான்: யோகத்தைத் தொடங்கி நடுவில் வழுவியவன் கதி என்ன? சிதறிய மேகம்போல் அழிவானா? இல்லை என்கிறார் கண்ணன். நல்லது செய்தவன் கெட்டுப்போவதில்லை. அவன் முயற்சி அடுத்த பிறவியிலும் கூடவே வரும். பிறவி தாண்டியும் தொடரும் என்றால், மூன்று வருஷம் எம்மாத்திரம்?

பாதி மிதித்து, பாதி தள்ளி, உச்சியில் அருளொளி திருமுருகன் சந்நிதியில் நின்றேன். "ஏன்டா இத்தனை நாள் வரல?" என்று முருகன் கேட்கவில்லை. அப்பாவுக்காக அங்கேதான் முதன்முறையாக அழுதேன்.

தேவார வகுப்பை விட்டுவிட்டு, "இப்ப எந்த முகத்தோட போறது?" என்று தயங்கும் தம்பி தங்கைகளே, இறங்கித் தள்ளிக்கொண்டாவது வாருங்கள். வாசல் திறந்தே இருக்கிறது.

முருகா சரணம்.