திறந்த வீடு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவும் அப்பாவும் காலையில் வெறும் வயிற்றில் போய் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. ஆளுக்கொரு லிங்க். லேப்டாப்பில் அம்மாவுடையதைத் திறந்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.8. “பொங்கலுக்கு வந்த முறுக்கும் அதிரசமுந்தான் கண்ணு, வேறென்ன” என்றாள் அம்மா.

அவள் எழுந்து போன பிறகு என் கண் முகவரிப் பட்டைக்குப் போனது. அந்த லிங்கின் கடைசியில் ஐந்து இலக்க எண் ஒன்று. லாகின் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. அந்த எண்தான் எல்லாம். இந்தத் துறையில் கொஞ்சம் புழங்கியவர்களுக்கு அப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் விரல் சும்மா இருக்காது. கடைசி 4-ஐ 3 ஆக்கி எண்டர் தட்டினேன்.

52 வயது ஆண். தைராய்டு. யாரென்று தெரியாது.

அதோடு மூடியிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். 3 போய் 2 ஆனது. பிறகு 1. பிறகு 0. நான்காவதாகத் திறந்தது எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சருடையது. பெயர், வயது, அனுப்பிய மருத்துவரின் பெயர். என்ன பரிசோதனை என்பதைப் படித்தாலே போதும், முடிவைப் படிக்க வேண்டியதில்லை. நான் முடிவையும் படித்தேன். அது என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னொரு முறை திறந்த மாதிரி.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொறியியல் படித்தேன், மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் கணினி பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் கல்லூரியும் கொடுக்கவில்லை, அலுவலகமும் கொடுக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய திங்க்பேடில் லினக்ஸ் போட்டு, வைஃபை வேலை செய்யாமல் மூன்று இரவு முழித்து, ஒரு தடவை பார்ட்டிஷன் டேபிளையே அழித்து, ஹாஸ்டல் முழுக்கத் திட்டு வாங்கிக் கற்றது. வேலைக்கு வந்த பிறகு மாநாடுகள். கோவா, கொச்சி, பெங்களூரு என்று வருடத்துக்கு ஒன்றிரண்டு. ஸ்லீப்பர் பஸ்ஸில் போய், நண்பன் எடுத்த அறையில் ஐந்து பேரோடு படுத்து, காலையில் கழுத்தில் பேட்ஜைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் வருகிற சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. “அங்க போயி என்னதான் பண்ணுவீங்க?” என்று அப்பா கேட்பார். “பூட்டத் திறப்போம்பா” என்பேன். அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொள்வார்.

நிஜமாகவே பூட்டுதான். ஹேக்கர் மாநாடுகளில் ஒரு மூலையில் பெரும்பாலும் பூட்டு மேசை ஒன்று இருக்கும். மெல்லிய கம்பிகள், உள்ளே இருக்கும் ஊசிகள் வெளியே தெரிகிற கண்ணாடிப் பூட்டுகள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர். முதல் பூட்டு ‘டிக்’ என்று சுழலும்போது கையில் ஒரு நடுக்கம் வரும். ஆனால் கம்பியைக் கையில் கொடுப்பதற்கு முன் இரண்டு விதிகள் சொல்லிவிடுவார்கள். உனக்குச் சொந்தமில்லாத பூட்டை உரியவர் அனுமதியில்லாமல் தொடாதே. உன்னுடையதாகவே இருந்தாலும் புழக்கத்தில் இருக்கும் பூட்டில் கை வைக்காதே.

அதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டுவோம். நானும் ஆட்டியிருக்கிறேன். லேப்டாப் முன்னால் உட்காரும்போது மட்டும் இந்த இரண்டு விதிகளும் எங்கே போகின்றன?

வெளியே இருப்பவர்களுக்கு ஹேக்கர் என்றால் திருடன். உள்ளே இருப்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு தர்மம். எனக்கு 1984 என்ற வருடத்தின் மேல் தனி ஈர்ப்பு உண்டு, ஆர்வெல் காரணமில்லை. அந்த வருடம்தான் ஸ்டீவன் லெவி ‘ஹேக்கர்ஸ்’ புத்தகத்தை வெளியிட்டார். எம்ஐடியின் பழைய கணினி அறைகளில் உருவான ஒழுக்கத்தை அதில் தொகுத்தார்: கணினியை அணுகுவதற்குத் தடை கூடாது, தகவல் சுதந்திரமாக இருக்க வேண்டும், அதிகாரத்தை நம்பாதே. அதே வருடம் நவம்பரில் ஜெர்மனியில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பின் வாவ் ஹாலண்டும் ஸ்டெஃபென் வெர்னரியும் ஒரு வேலை செய்தார்கள். அந்நாட்டுத் தபால் துறை நடத்திய பில்ட்ஷிர்ம்டெக்ஸ்ட் என்ற திரைச் சேவையில், ஹாம்பர்க் சேமிப்பு வங்கியின் பெயரில் நுழைந்து, தங்களுடைய கட்டணப் பக்கத்தையே இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். ஓர் அழைப்புக்கு 9.97 மார்க். விடிவதற்குள் வங்கியின் கணக்கில் சுமார் 1,35,000 மார்க் ஏறியிருந்தது. பணத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகைகளைக் கூப்பிட்டு, பாதுகாப்பானது என்று நீங்கள் சொன்ன அமைப்பின் லட்சணத்தைப் பாருங்கள் என்றார்கள். அந்த வருடக் கடைசியில் ஹாம்பர்கில் அவர்கள் முதல் மாநாட்டைக் கூட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே அது இன்றும் கூடுகிறது.

இந்தக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் நான் அந்த இருவர் பக்கம்தான்.

ஆனால் 1984-க்கு இன்னொரு பக்கமும் உண்டு. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனின் டூரிங் விருது உரை அச்சில் வந்ததும் அந்த வருடம்தான். கம்பைலருக்குள் எப்படிக் கள்ளக்கதவு ஒளித்துவைக்கலாம் என்று காட்டுகிற உரை. எங்கள் கூட்டத்தில் அதைப் படிக்காதவர்கள் குறைவு, அதன் கடைசிப் பகுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைவிடக் குறைவு. அங்கே தாம்சன், கணினிக்குள் அத்துமீறி நுழையும் இளைஞர்களை வீரர்களாக்கும் பத்திரிகைகளைக் கடிந்துகொள்கிறார். அது பக்கத்து வீட்டுக்குள் நுழைவதைப் போன்ற இழிவாகக் கருதப்பட வேண்டும், கதவு பூட்டாமல் கிடந்தது என்பது ஒரு சாக்கே இல்லை என்கிறார். நாம் இதைத் திறந்த வீட்டுக்குள் நாய் நுழைந்த மாதிரி என்று எப்போதோ சொல்லிவிட்டோம். வீடு திறந்து கிடப்பதா இங்கே குற்றம்? பழமொழி வீட்டுக்காரரைத் திட்டவில்லை.

கேயாஸ் கிளப்காரர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. லெவியின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு வரிகளைத் தாங்களாகச் சேர்த்தார்கள். ஒன்று, பிறர் தரவுக்குள் குப்பை போடாதே என்கிறது. மற்றது, பொதுத் தரவைப் பயன்படுத்து, தனியார் தரவைக் காப்பாற்று என்கிறது. லாஸ் வேகஸில் நடக்கும் டெஃப்கானில் ‘ஆட்டுச் சுவர்’ என்று ஒரு பெரிய திரை உண்டு. அந்த வளாக நெட்வொர்க்கில் யாராவது மறையாக்கம் இல்லாமல் பாஸ்வேர்டு அனுப்பினால் அது எல்லோரும் பார்க்க அதில் ஓடும். அங்கே கூட பாஸ்வேர்டின் ஒரு பகுதியை மறைத்துத்தான் காட்டுவார்கள். ஒருவரைக் கேலி செய்வதற்கும் அவரைத் திறந்துபோடுவதற்கும் இடையே அந்த நட்சத்திரக் குறிகள் நிற்கின்றன.

லினக்ஸும் தன் பங்குக்குச் சொல்லத்தான் செய்கிறது. டெபியன் மாதிரியான ஒரு கணினியில் முதன்முதலாக சூடோ கட்டளை கொடுத்தால், பாஸ்வேர்டு கேட்பதற்கு முன் ஒரு குட்டிப் பிரசங்கம் வரும். மூன்றே விஷயம். அதில் முதலாவது, மற்றவர்களின் அந்தரங்கத்தை மதி என்பது. ஹாஸ்டல் அறையில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இந்த மெஷினில் இருக்கிற ஒரே ஆள் நான், இதில் எவனுடைய அந்தரங்கம்? ஒரே கணினியில் ஐம்பது பேர் வேலை செய்த காலத்து மிச்சம் அது என்று பிறகுதான் புரிந்தது. யுனிக்ஸ் மரபில் ஒவ்வொரு கோப்பின் மேலும் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று எழுதியிருக்கும். ரூட் மட்டும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவர். அவருக்கு எல்லாம் திறக்கும். எல்லாம் திறக்கும் என்பதால்தான் அவரிடம் அந்தப் பிரசங்கம்.

சட்டம் இதில் உதவும் என்று பார்த்தால், அது வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்கிறது. 2010-ல் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தளத்தில் ஐபேட் சிம் எண்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டு, சுமார் 1,14,000 மின்னஞ்சல் முகவரிகளை இரண்டு பேர் அள்ளினார்கள். நான் செய்த அதே வித்தை, அளவுதான் வேறு. அவர்களில் ஒருவருக்கு 41 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கை அந்த மாநிலத்தில் நடத்தியதே தவறு என்பதுதான் காரணம். எண்ணை மாற்றுவது குற்றமா இல்லையா என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. நம் ஊரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ம் பிரிவு, உரியவர் அனுமதியில்லாமல் நுழைந்தாலே இழப்பீடு என்கிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்திருந்தால் 66-ம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. நேர்மையற்ற நோக்கம் என்று சட்டம் சொல்வது பணம், நஷ்டம் சார்ந்தது. என் நோக்கம் என்ன என்று எந்தப் பிரிவும் கேட்கப்போவதில்லை. நான்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்டுப் பார்த்தேன். ரொம்ப நாள் வைத்திருந்த பதில் இது: முதல் எண் சோதனை, ஓட்டை இருக்கிறதா என்று உறுதிசெய்ய. மற்ற மூன்றும் ஆர்வம். ஆர்வம் தப்பில்லை, அது இல்லாமல் இந்தத் துறையே இல்லை.

இதில் முதல் பாதியே பொய். அப்பாவின் லிங்க்கும் அதே போனில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எண்கள் வரிசையாக ஓடுவது தெரிந்திருக்கும். வேறொரு பிரவுசரில் அம்மாவின் எண்ணை அப்பாவுடையதாக மாற்றித் தட்டியிருந்தால், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் யாரும் யாருடையதையும் திறக்கலாம் என்பது நிரூபணமாகியிருக்கும். இந்த வகை ஓட்டையைச் சோதிப்பவர்கள் தங்களுடைய இரண்டு கணக்குகளை வைத்துத்தான் சோதிப்பார்கள். எனக்கு இது தெரியும். அலுவலகத்தில் புதிதாக வந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த 52 வயதுக்காரரை நான் திறந்திருக்கவே தேவையில்லை.

இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள இன்னும் நாளானது. நான்காவதில் ஏன் நிறுத்தினேன்? டீச்சர் பெயரைப் பார்த்துப் பதறி நிறுத்தினேன் என்றுதான் எனக்கே சொல்லிவந்தேன். ஆனால் அன்று மதியம் சாப்பிடும்போது அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது: “காலைல லேப்புல உங்க கணக்கு டீச்சரப் பாத்தனப்பா. எங்களுக்கு முன்னாடிதான் ஒக்காந்திருந்தாங்க. உன்ன ரொம்ப விசாரிச்சாங்க.”

எங்களுக்கு முன்னாடி. நான் எண்ணைக் குறைத்துக்கொண்டே போனேன், கூட்டவில்லை. தேடித்தான் போனேனா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தேடவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே எனக்குப் போதுமான பதிலாக இருக்கிறது. ஆர்வம் என்று நாங்கள் மேடையில் கொண்டாடுகிற அந்தச் சொல்லுக்குள், ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்கிற ஆசையும் பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிற ஆசையும் ஒன்றாகவே கிடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே எண்டர் பட்டன்.

திங்கட்கிழமை காலை லேபுக்குப் போனேன். உரிமையாளர் அறுபது வயதிருப்பார். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “தம்பி, நீங்க எத்தன பேரோடத பாத்தீங்க?” என்றார்.

“ஒண்ணே ஒண்ணுதாங்க” என்றேன்.

அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பயந்துகொண்டோ மிரட்டியோ கேட்கவில்லை, தன்னிடம் ரத்தம் கொடுத்தவர்களுக்காகக் கேட்டார். எனக்கு முன்னால் வைத்தே மென்பொருள் போட்டுக்கொடுத்தவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். இரண்டு வாரத்தில் சரிசெய்தார்கள். இப்போது ரிப்போர்ட் திறக்க, பதிவுசெய்த போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கம் கேட்கிறது. (சின்ன ஊரில் இது என்ன பெரிய பூட்டு என்று நீங்கள் கேட்கலாம். டீச்சரின் நம்பர் என் போனில் இருக்கிறது.) காபி வாங்கிக்கொடுத்து, நல்ல பையன் என்று தோளில் தட்டி அனுப்பினார். அந்தத் தட்டலை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டுமா? 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. இங்கே கசிவு என்பது நான். போய்ச் சொன்னால் என் பாரம் இறங்கும். ஆனால் அதற்குப் பிறகு, தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்று பழைய மாணவன் ஒருவனுக்குத் தெரியும் என்ற நினைப்போடு அவர் வாழ வேண்டும். சொல்லாவிட்டால், அவருக்கு எதுவும் குறையவில்லை. அதேநேரம் அவர் என்னோடு பேசுகிற ஒவ்வொரு தடவையும் நான் அவரை ஏமாற்றுகிறேன். இரண்டில் எது குறைந்த கெடுதல் என்று நண்பர்களிடம் கேட்டால் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். நான் சொல்லவில்லை. அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

அடுத்த பொங்கலுக்குத் தெருவில் பார்த்தேன். “எப்படி டீச்சர் இருக்கீங்க?” என்றேன். “எனக்கென்னப்பா, கொஞ்சம் கால்சியம் கம்மியாம், அவ்வளவுதான்” என்றார். அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. தன் உடம்பைப் பற்றி யாருக்கு எதை எப்போது சொல்வது என்று அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எடுத்துக்கொண்டது அதைத்தான். “பால் நெறயக் குடிங்க டீச்சர்” என்றேன்.

லினக்ஸில் ஆர்எம் கட்டளை கொடுத்தால் கோப்பு அழிந்துவிடும் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். அழிவது அதன் பெயரும் அதற்குப் போகும் வழியும்தான். அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை உள்ளடக்கம் வட்டில் அப்படியே கிடக்கும். டீச்சரைப் பார்த்தால் எனக்கு முன்பெல்லாம் அல்ஜீப்ராவும் அவர் கையில் இருந்த நீலச் சாக்பீஸும் ஞாபகம் வரும். இப்போது அந்தத் தாள் வருகிறது.

மாநாடுகளுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. போன முறை பூட்டு மேசையில் ஒரு கல்லூரிப் பையனுக்குச் சொல்லித்தர உட்கார வைத்தார்கள். இரண்டு விதியையும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, கண்ணைப் பூட்டிலிருந்து எடுக்காமல் கம்பிக்குக் கை நீட்டினான்.

போன மாதம் அம்மாவுக்கு மறுபடி பரிசோதனை. நான்கு இலக்கம் போட்டுத் திறந்தேன். 7.1. சொன்னதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சோற்றைக் குறைத்துக்கொண்ட பெருமையைக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, “லேப்புல டீச்சரும் வந்திருந்தாங்கப்பா. ரொம்ப எளச்சுப் போயிட்டாங்க. என்னன்னே சொல்ல மாட்டேங்கறாங்க. உனக்கேதாவது தெரியுமா?” என்றாள்.

“எனக்கெப்படிம்மா தெரியும்” என்றேன்.