கையெழுத்துப் போடுகிறவர்

மனைவியின் சம்பளம் யாருடைய வருமானம்? வரி வழக்குகள் நடத்தும் எனக்கு இது அன்றாடக் கேள்வி. கணவருக்குக் கணிசமான பங்குள்ள நிறுவனத்தில் மனைவி வாங்கும் சம்பளத்தைக் கணவரின் வருமானத்தோடு சேர்க்கச் சொன்னது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64வது பிரிவு. 2025இல் புதிய சட்டம் எழுதியபோதும் இந்த விதி போகவில்லை. சட்டம் 'வாழ்க்கைத் துணை' என்று பொதுவாகத்தான் சொல்கிறது. ஆனால் கணவரின் சம்பளத்தை மனைவி கணக்கில் சேர்த்த கோப்பு ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை.

விதிக்கு விலக்கு உண்டு. தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்த அறிவாலும் அனுபவத்தாலும் மட்டுமே சம்பாதித்தால் பணம் அவளுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். சுண்டும் பாலை எப்போது இறக்குவது என்பதற்குப் பதம் தெரிய வேண்டும். இருபது வருடமாகப் பதம் பார்த்து, பால்காரர் கணக்கை முடித்து, கடைப் பையன்களுக்குச் சம்பளம் போடும் பெண்ணுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்கிறார்கள். பட்டமோ பட்டயமோ கட்டாயமில்லை என்று ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னதை வைத்து வாதாடலாம். ஆனால் விவரம் கேட்டால் அந்தப் பெண்ணே, "நான் என்னத்தச் செஞ்சேன் வக்கீலம்மா, சும்மா கூடமாட ஒத்தாசைதான்" என்கிறார். அந்த 'சும்மா'வை அதிகாரி உடனே நம்பிவிடுகிறார்.

நேரெதிரானதும் உண்டு. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள் ஓடுகின்றன. இப்படி ஒரு தொழிலைக் கணவர் பணத்தில் தொடங்கி, ஜிஎஸ்டி பதிவில் மனைவியை உரிமையாளர் ஆக்கிவிடுவார்கள். செக் புத்தகத்தில் அவர் கையெழுத்து முன்கூட்டியே இருக்கும், வரவு செலவு எதுவும் அவருக்குத் தெரியாது. இங்கே சட்டத்தின் சந்தேகம் நியாயமானது. பெண்ணியம் பேசுகிறேன் என்பதற்காக நான் அதை மறுக்க முடியாது.

என் சங்கடம் வேறு. கட்டணம் தருபவர் கணவர், கட்சிக்காரர் மனைவி. ஜிஎஸ்டி நோட்டீஸ் வருவதும் வங்கிக் கணக்கு முடங்குவதும் மனைவி பெயரில். "அவ எதுக்கும்மா? நானே கையெழுத்து வாங்கியாறேன்" என்பார் அண்ணாச்சி. வரியைக் குறைத்துக் கொடுத்தால் குடும்பத்துக்கு நல்லதுதானே என்றும் கேட்பார். குடும்பம் என் கட்சிக்காரர் அல்ல. (இந்துக் கூட்டுக் குடும்பம் என்றொரு தனி வரிதாரரைச் சட்டம் உண்டாக்கியிருப்பது வேறு கதை.)

மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் என் அலுவலகம். கையெழுத்துப் போடுகிறவர் நேரில் வந்து, தனியாக உட்கார்ந்து, கணக்கைக் கேட்ட பிறகுதான் தாக்கல் செய்வேன். "தெரிஞ்சேதான் போடுதேன், வீட்டுக்காக" என்று சொல்பவர்களும் உண்டு. அது அவர்கள் முடிவு, நான் குறுக்கே நிற்பதில்லை. தெரியாமல் போடுவதற்குத்தான் துணை போகமாட்டேன். இதனால் சில கோப்புகள் கைமாறிப் போயின. வருத்தம்தான், அலுவலக வாடகை கொடுக்க வேண்டுமே.

ஒருமுறை கணக்கு முழுவதையும் கேட்டு முடித்த பெண், "என் பேருல கடன் எவ்வளவு இருக்குன்னு மட்டும் ஒரு சீட்டுல தனியா எழுதித் தாங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். வெளியே காத்திருந்த கணவரிடம் அவர் அதைக் காட்டவில்லை.