பூஞ்சிட்டும் பெரிய மாடும்

மேலூர், சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவை ஒட்டி நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வந்த வண்டிகளையெல்லாம் ஒரே கோட்டில் நிறுத்தி விரட்டிவிடும் வழக்கம் அங்கே கிடையாது. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் உயரத்தையும் வளர்த்தியையும் பார்த்துப் பிரிப்பார்கள். பெரிய மாட்டுக்கு எல்லை தூரம்; பூஞ்சிட்டுக்குக் கிட்டத்தில். பரிசும் தனித்தனி. பூஞ்சிட்டில் முதலாவதாக வந்தவனை, 'நீ பெரிய மாட்டை ஜெயித்தாயா?' என்று யாரும் மடக்குவதில்லை. ஒலிபெருக்கியில் அவன் ஊர்ப் பெயரும் அதே உரக்கத்தில்தான் ஒலிக்கிறது.

மாட்டுக்கு இவ்வளவு நியாயம் பார்த்த நாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்ன நியாயம் வைத்திருக்கிறோம்?

நம் பள்ளிகளின் கால்பந்துப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் குறுவட்டம், அதில் வென்றால் வருவாய் மாவட்டம், அதையும் தாண்டினால் மாநிலம் என்று ஏணி மாதிரி போகிறது. பதினான்கு வயதுக்குட்பட்டோர், பதினேழு வயதுக்குட்பட்டோர், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகளும் உண்டு. டில்லியில் 1960-ல் தொடங்கிய சுப்ரதோ கோப்பைப் போட்டியிலும் வயதுதான் படிக்கல். பையனின் வயது என்ன என்று எங்கும் கேட்கிறார்கள். அவன் பள்ளியில் எத்தனை பையன்கள் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

வயதைக் கேட்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. வலக்கை தலையைச் சுற்றி வந்து இடக்காதைத் தொட்டுவிட்டால் பையனுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது என்று ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட தேசம் இது. பிறந்த தேதியைத் தலைமை ஆசிரியரே, பள்ளி திறக்கும் மாதத்துக்கு ஒத்து வருகிறாற்போல் அருளிச்செய்வார். மீசை அரும்பிய 'பதினான்கு வயதுக்குட்பட்டோரை' மைதானத்தில் கண்டு மிரண்ட சிறுவர்கள் எத்தனையோ பேர். இப்போது எலும்பைப் படம்பிடித்து வயதைக் கணிக்கும் அளவுக்குக் காரியம் வந்திருக்கிறது. வயது விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு வந்ததைப் பற்றி எனக்கு மகிழ்ச்சியே. கண்டிப்பு அதோடு நின்றுவிட்டதே என்பதுதான் என் குறை.

கணக்கைப் பாருங்கள். ஆறு முதல் பத்து வரை தொண்ணூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் பெண்கள். மிஞ்சிய நாற்பத்தைந்து பையன்களில் ஒன்பதாம் பத்தாம் வகுப்புக்காரர்கள் பதினெட்டுப் பேர் தேறுவார்கள். அந்தப் பதினெட்டிலிருந்து பதினொருவரைப் பொறுக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவன் அறுவடைக்குப் போய்விட்டான், ஒருவனுக்குப் பந்தைக் கண்டால் பயம். மதுரை நகரத்துக்குள்ளே இரண்டாயிரம் பையன்கள் படிக்கும் பள்ளிக்கு அதே வேலை எப்படியிருக்கும்? கூடையில் பதினெட்டு மாம்பழம் வைத்திருப்பவளிடம் 'நல்ல பழமாகப் பதினொன்று பொறுக்கிக் கொடு' என்றால் அவள் இருப்பதைக் கொடுப்பாள். மண்டிக்காரனிடம் கேட்டால் பொறுக்கிக் கொடுப்பான். கூடைக்காரியின் மரம் மட்டம் என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறவனை நாம் புத்திசாலி என்போமா? ஆனால், பன்னிரண்டு கோல் வாங்கித் திரும்பும் கிராமத்துப் பையன்களைப் பற்றி, 'பட்டிக்காட்டுப் பயல்கள், பயிற்சி போதாது' என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை நெடுநாளாகப் போட்டுவருகிறார்கள். அவர்கள் கால்பந்து என்பது நம்முடையது அல்ல. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொள்ளும் ஆட்டம். டெக்ஸாஸ் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகளை மாணவர் தொகையைக் கொண்டு ஆறு பிரிவாக்கியிருக்கிறார்கள். மேல்பிரிவுப் பள்ளிகளில் இரண்டாயிரத்து இருநூறுக்கு மேல் மாணவர்கள். கடைசிப் பிரிவில் நூறு சொச்சமோ அதற்கும் குறைவோ. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி எண்ணிப் பிரிப்பார்கள். கடைசிப் பிரிவுக்காரர்கள் அணிக்குப் பதினொருவர் வைத்து ஆடுவதும் இல்லை, ஆறே பேர். இந்த ஆறு பேர் ஆட்டத்தை 1934-ல் நெப்ராஸ்கா மாநிலத்து ஹீப்ரன் என்ற சிற்றூரில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் உண்டாக்கினார். பஞ்ச காலம், சின்னப் பள்ளிகளுக்கு ஆளும் இல்லை, காசும் இல்லை. ஆட்டத்துக்குத் தகுந்தபடி பள்ளியை வளர்க்க முடியாது. பள்ளிக்குத் தகுந்தபடி ஆட்டத்தைச் சுருக்கலாம் என்று அவர் கண்டார். இந்த ஒரு யோசனைக்காக அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. அதுவும் அமெரிக்காவிலேயே பிறந்த வாதம்தான். இண்டியானா மாநிலத்தில் கூடைப்பந்துக்கு வெகுகாலம் பிரிவே கிடையாது. பெரிய பள்ளி, சின்னப் பள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பை. 1954-ல் மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, மொத்தமே 161 மாணவர்கள், மன்ஸி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை இறுதி ஆட்டத்தில் 32-க்கு 30 என்று வென்றுவிட்டது. கடைசி விநாடிகளில் பாபி பிளம்ப் என்ற பையன் போட்ட பந்து அது. இந்தக் கதையை 1986-ல் சினிமாவாகவும் எடுத்தார்கள். பிரிவு பிரித்திருந்தால் இப்படி ஒரு அதிசயம் நடந்திருக்குமா என்று கேட்கிறவர்கள் அங்கே இன்றும் உண்டு. நல்ல கேள்விதான். கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு அதன் கவர்ச்சி தெரியாமல் இல்லை. ஆனால் 1955 முதல், ஒற்றைக் கோப்பை முறை முடிந்த 1997 வரை நடந்த நாற்பத்து மூன்று போட்டிகளில், மைலனைப் போலச் சின்னப் பள்ளி வேறொன்று அந்தக் கோப்பையைத் தொடவில்லை. ஒரு மைலனின் கதையைக் கேட்டுப் பெரியவர்கள் கண்ணீர் விடுவதற்காக நூற்றுக்கணக்கான பள்ளிகள் ஆண்டுதோறும் தோற்கவேண்டும் என்றால், அது பார்வையாளருக்கு இனிக்கும் நியாயமே ஒழிய, ஆடுகிறவனுடைய நியாயம் அல்ல.

ஆனால், அடுத்த ஆண்டு அதே கோப்பையை வென்ற பள்ளியைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இந்த உறுதி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 1955-ல் வென்றது கிரிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளை ஒதுக்கி வைப்பதற்கென்றே 1927-ல் இண்டியானாபொலிஸ் நகரத்தில் திறந்த பள்ளி அது. 1942 வரை அந்தப் பள்ளியைப் போட்டிக்குள்ளேயே விடவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் அவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 'உங்களுக்குத் தனிப் பிரிவு தருகிறோம், அதில் ஆடிக்கொள்ளுங்கள்' என்று அன்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் அது நியாயமாகவா இருந்திருக்கும்? 'பிரிவு' என்பது நமக்கும் லேசான சொல் அல்ல. 1939-ல்தான் மீனாட்சியம்மன் கோயிலின் கதவு எல்லாருக்கும் திறந்தது. தனிக் குவளை, தனித் தெரு என்று பிரித்துப் பிரித்துப் பழகிய கைகளில் இன்னொரு பிரிக்கும் கோலைக் கொடுக்கப் பயமாகத்தான் இருக்கிறது.

இரண்டையும் வேறுபடுத்துவது எது என்று யோசித்துப் பார்த்தேன். டெக்ஸாஸில் சின்னப் பள்ளி விரும்பினால் தன் பிரிவைவிட மேல்பிரிவில் சேர்ந்து ஆடலாம். பெரிய பள்ளி கீழே இறங்கத்தான் முடியாது. கதவு உள்ளேயிருந்து திறக்கக்கூடியதாக இருந்தால் அது அறை; வெளியே பூட்டியிருந்தால் சிறை. கிரிஸ்பஸ் அட்டக்ஸ் பிள்ளைகளுக்கு வெளியே பூட்டியிருந்தது.

இன்னொரு சிக்கல், தலையை எண்ணினால் மட்டும் பலம் தெரிந்துவிடாது என்பது. சில பள்ளிகள் தம் தெருப் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. சில, தேடிப்பிடித்துச் சேர்க்கின்றன. அலபாமா மாநிலத்தில் தனியார் பள்ளி மாணவன் ஒருவனை 1.35 பேராகக் கணக்கிட்டார்கள். இல்லினாயில், எல்லை வகுக்காமல் எங்கிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிகளுக்குத் தலைக்கு 1.65. ஒரு பையனை ஒன்றரைப் பையனுக்கும் மேலாக எண்ணும் இந்தக் கணக்கு சித்திரகுப்தனுக்கும் தோன்றியிராது. நமக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டியிருக்கும். அரசு விளையாட்டு விடுதிகளில் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்த பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்து படிக்கிறார்கள், அந்தப் பள்ளியின் பெயரால் ஆடுகிறார்கள். விடுதி நல்ல ஏற்பாடு. ஏழைப் பையனுக்குச் சோறும் பயிற்சியும் கிடைக்கிறது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பள்ளியின் அணியும் தொண்ணூறு பேர் பள்ளியின் அணியும் முதல் சுற்றிலேயே மோதும்படி சீட்டு விழுந்தால், அதற்குப் பெயர் போட்டியா?

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. மாணவர் எண்ணிக்கையை நம் அரசாங்கம் அறியாமல் இல்லை. உடற்கல்வி ஆசிரியர் பணியிடத்தை எண்ணிக்கையைப் பார்த்துத்தான் தருகிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையே, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் உண்டு என்கிறது. ஆசிரியரைக் கொடுக்கும்போது 'நீ சின்னப் பள்ளி' என்று சொல்கிறோம். மைதானத்தில் நிறுத்தும்போது 'எல்லாரும் சமம்' என்று சொல்கிறோம். இந்த இரண்டில் எதையாவது ஒன்றை மாற்றிச் சொன்னால் போதும், சின்னப் பள்ளிக்குப் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் ஆவேசமாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கோப்பை கெடக்கட்டும் சார். எங்க பயலுக வருஷம் பூராப் பந்தை ஒதைக்கிறாங்க. ஆடுறது ஒரே ஒரு மேட்ச். ஒம்பது மணிக்கு எறங்கி, பத்து மணிக்குத் தோத்து, பதினொரு மணிக்கு பஸ் ஏறிடுறோம். போன தடவை ஒருத்தன் கேட்டான், 'இதுக்கா சார் வருஷம் பூரா ஓடவிட்டீங்க?'ன்னு. நான் என்னத்தச் சொல்றது?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. சின்னப் பள்ளிக்கு நாம் பட்டிருக்கும் கடன் வெற்றி அல்ல. வெற்றியை யாரும் யாருக்கும் கடன்பட முடியாது. நாம் கடன்பட்டிருப்பது இரண்டாவது ஆட்டம். தோற்றால் வெளியே என்ற முறையில் பதினாறு பள்ளிகள் ஆடினால் மொத்தம் பதினைந்து ஆட்டம். எட்டுப் பள்ளிகளுக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் பங்கு. அந்த எட்டில் பெரும்பாலானவை எவை என்று சொல்லவேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் அதிகம் ஆடவேண்டியவன் மிகக் குறைவாக ஆடுகிறான். ஏற்கெனவே கைதேர்ந்தவன் நாலு ஆட்டம் ஆடி இன்னும் தேர்கிறான்.

அந்தப் பதினாறையும் மாணவர் தொகைப்படி வரிசையாக எழுதுவோம். கீழ்ப்பாதி எட்டுப் பள்ளிகளை நாலு நாலாக இரண்டு குழுவாக்கி, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் எல்லாரும் எல்லாரோடும் ஆடட்டும். மேல்பாதி எட்டும் அப்படியே. விடுதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளி, தலை குறைவாக இருந்தாலும், மேல்பாதியில்தான் நிற்கவேண்டும். மேலே ஆடுகிறேன் என்று தைரியமாகக் கேட்கும் சின்னப் பள்ளியையும் தடுக்கக் கூடாது. நாலு குழுவிலும் முதலாவதாக வந்தவர்கள், பெரிது சிறிது பார்க்காமல், அரையிறுதியில் மோதட்டும். தனிக் கோப்பை வேண்டாம்; கோப்பை ஒன்றுதான். மைலனுக்கும் வாசல் திறந்திருக்கிறது. ஆனால் எந்தப் பள்ளியும் மூன்று ஆட்டம் ஆடாமல் பஸ் ஏறப்போவதில்லை. பதினொரு பேர் சேராத பள்ளிகள் இரண்டு ஒன்றாகி ஓர் அணி அனுப்பவும் இடம் கொடுக்கலாம். அமெரிக்கச் சிற்றூர்கள் சில அப்படிச் செய்கின்றன.

இதிலும் ஓர் அநியாயம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. மேல்பாதியில் இரண்டாவதாக வரும் பள்ளி, கீழ்ப்பாதியின் முதல் பள்ளியைவிட நிச்சயம் நன்றாக ஆடும். அதற்கு அரையிறுதி கிடைக்காது. அந்தப் பள்ளியின் பையன் ஒருவன், 'நாங்கள் அவர்களைவிடக் கெட்டவர்களா?' என்று கேட்டால் அவன் கேள்வி நியாயமானதுதான். அவனுக்கு நான் சொல்லக்கூடியது, 'தம்பி, நீ மூன்று ஆட்டம் ஆடினாய், உனக்கு உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார், அடுத்த ஆண்டும் நீ வருவாய்' என்பதே. அவன் சமாதானமாவான் என்று நான் நம்பவில்லை.

செலவும் கூடத்தான் செய்யும். பதினைந்து ஆட்டம் இருபத்தேழாகும். பன்னிரண்டு ஆட்டத்துக்கு மைதானம் இன்னும் சில நாள் வேண்டும். நடுவர்களுக்கு அத்தனை நாள் படி. பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. தூரத்துப் பள்ளிகளுக்கு இரண்டு மூன்று தடவை பஸ் கட்டணம். குறுவட்டத்து ஆசிரியர்கள் ஆண்டு தொடக்கத்தில் கூடிச் சீட்டுக் குலுக்கும்போது இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி வைக்கலாம். நண்பர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். சாப்பாட்டுக் கணக்கில்தான் அவருக்குச் சந்தேகம். தொண்ணூறு பேர் பள்ளியில் அதற்கு யாரிடம் போய் நிற்பது என்று கேட்டார்.